இயந்திரத்தை நிறுத்த வேண்டாம்

பின்வளவுக் கொடியில் றிபாத்தின் நீலக் கட்டம் போட்ட சாரன் தொங்கிக்கொண்டிருந்தது.

கணினியைப் பிளக்கை இழுத்து விழுத்தி எழுப்பினால் அது மறுபடி வாய் திறக்க நாலு நிமிடம் பிடிக்கும். அந்த நாலு நிமிடத்தில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டலாம் என்று சமையலறைக்கு வந்த சிபானா, ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் அதைக் கண்டாள். நண்பகல் லுஹர் தொழுது அரை மணித்தியாலம்கூட இல்லை. மாரி முடிந்தும் வானம் மட்டும் மூடியே கிடந்தது. இரண்டு நாளாக ஒரு துளி மழையும் இல்லை. ஆனால் சாரனின் கரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மணலில் ஒரு சின்னக் குழி விழுந்து, அந்தக் குழிக்குள் அடுத்த துளி விழும் சத்தம் ஜன்னல்வரை கேட்டது.

கணவன் இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு அந்தச் சாரனை அவள்தான் தன் கையால் மடித்து, மற்ற உடுப்புகளோடு பையில் போட்டு, றிபாத்தோடு சவளக்கடையில் வயல் செய்த தங்கத்துரைக்கு அனுப்பியிருந்தாள். இப்போது அதே சாரனில், அடுப்புப் பொறி பட்ட ஓட்டைகூட அதே இடத்தில் இருந்தது.

எல்லாருடைய சாரனிலும் ஓட்டை இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணவனை இழந்து இத்தா இருக்கிற பெண் பின்வளவுக்கு இறங்கக் கூடாது என்றில்லை. ஆனாலும் அவள் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு வேலிப் படலை கிறீச்சிட்டது. கஞ்சிக் கோப்பையோடு அவளுடைய ராத்தா, மூத்த சகோதரி முஸ்பிறா வந்தாள். தகப்பன் ஒரே வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்ததால், இவள் இருமினால் அவளுக்குக் கேட்கும்.

"இன்னும் அந்தப் பெட்டியக் கொல்லுறியா நீ?"

"கொல்லல்ல ராத்தா. விழுத்தி எழுப்புறன்."

"உன்ட புள்ள பொறந்தா அழாது, பாத்துக்க. 'தயவுசெய்து காத்திருக்கவும்' எண்டுதான் செல்லும்."

சிபானா சிரித்தாள். இந்த வீட்டில் அவளைச் சிரிக்க வைக்கிற ஒரே ஆள் ராத்தாதான். முஸ்பிறா கோப்பையை வைத்துவிட்டு, வெள்ளைச் சேலைக்கு மேலால் தங்கையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். "நம்மட ஆள் என்ன செய்றார்?"

கேட்டதற்குப் பதில்போல, உள்ளே ஒரு மீன்குஞ்சு வால் அடித்துத் திரும்பியது.

"ராத்தா, கொடியில கிடக்கிற சாரன் உங்கட வீட்டு மச்சான்டயா?"

"அவருட உடுப்பெல்லாம் எங்கட கொடியிலல்லவா கிடக்கு." முஸ்பிறா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "காத்து எங்கயோ இருந்து கொண்டு வந்திரிக்கும். நீ கஞ்சியக் குடி, ஆறிரும்."

போகும்போது அவள் கொடியைச் சுற்றி, எட்டத்தால் நடந்து போனாள்.

சிபானாவின் வேலை, சொற்களைத் திருத்துவது. கொழும்பிலுள்ள ஒரு கம்பனி ஒரு மென்பொருள் செய்திருந்தது. கரண்ட் போய்க் கணினி திடீரென்று செத்துவிட்டால், அடுத்த முறை அது எழும்பும்போது முன்னர் சேமித்து வைத்த ஒரு நாளின் நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகும் மென்பொருள். அதன் எச்சரிக்கைச் செய்திகளை இரண்டு வருடத்துக்கு முன் தமிழில் எழுதியவள் அவள்தான். சனம் பயப்படாத மாதிரி எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவள் மையத்து வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனவர்கள் கதைப்பதுபோல எழுதிவிட்டாள். ஒன்றும் யோசிக்க வேண்டாம். எல்லாம் பழையபடி வரும். இயந்திரத்தை மட்டும் நிறுத்த வேண்டாம்.

எல்லாம் பழையபடி வரும்தான். எதன் இடத்தில் வரும் என்பதை மட்டும் அவள் எழுதவில்லை. அந்த நாளுக்குப் பிறகு செய்தவை எல்லாவற்றின் மேலும் பழையது ஏறி உட்காரும். புதியது அழியும். அழிந்தது அழிந்ததுதான்.

எங்கோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மாதக்கணக்காய்ச் செய்த வேலையை அப்படி இழந்திருந்தார். போன கிழமை கம்பனியிலிருந்து விதுசா அழைத்தாள். மட்டக்களப்புப் பிள்ளை, நேரில் கண்டதில்லை, குரல் மட்டும் பழக்கம்.

"சிபானாக்கா, அந்த டீச்சர் என்ன சொன்னவ தெரியுமா? 'பிளக்குக்குக் கிட்டத்தான் தங்கச்சி இருந்தனான். நிப்பாட்ட வேணாம் எண்டு போட்டிருந்திச்சு. கையக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்' எண்டு. இருபது நிமிசம்."

"நான் நல்லதுக்குத்தான் எழுதின விதுசா. சனம் பயந்திரும் எண்டு நீங்கதானே சென்னீங்க."

"பயமுறுத்த வேணாம் எண்டனாங்க அக்கா. பொய் சொல்லச் சொல்லல்லையே." பிறகு அவள் குரல் தணிந்தது. "குறை நினையாதீங்க. உங்கட நிலைமை எனக்குத் தெரியும். நாப்பத்தாறு செய்தி இருக்கு. இந்த முறை கடுதாசியில பாத்து எழுதாதீங்க. ஒவ்வொண்டையும் மெய்யா விழுத்திப் பாத்து எழுதுங்க."

"மெய்யா விழுத்துறண்டா?"

"பிளக்க இழுங்க."

"நடுவுல இழுத்தா?"

"வந்தது வந்ததுதான். போனது போனதுதான். அந்த இடத்திலயே நிண்டிரும். உடைஞ்சு போகாது அக்கா, நாங்க சும்மா பயப்படுத்தி வச்சிருக்கிறம்."

விழுத்திப் பார்ப்பதற்கு அவளிடம் இருந்தது முன்னறையிலிருந்த றிபாத்தின் பழைய கணினி மட்டும்தான். வயலில் வேலை இல்லாத நாட்களில் அதில்தான் அவன் கல்யாண வீடியோக்கள் வெட்டி ஒட்டுவான். நவம்பர் ஆறாம் தேதி, அதை அப்படியே ஓடவிட்டுவிட்டு, வயலில் தண்ணீர் ஏறியிருக்குமோ என்று பார்க்கப் போனான். "பொழுதுபட முன்னம் வாறன்" என்றான். நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. வயலுக்குப் போகிற வழியில் தாழ்பாலமான தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. முதலில் மோட்டார் சைக்கிள் கிடைத்தது. மூன்றாம் நாள் அவன் கிடைத்தான். முகத்தை அவளுக்குக் காட்டவில்லை. "பாக்காத மகள், நல்ல முகத்தோட மனசுல இரிக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அடக்கி மூன்று கிழமையில்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்பது வருடமாய் வராத பிள்ளை வந்திருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பிறக்கும்வரைக்கும் இத்தா. அதனால் அவள் நாளை எண்ணவில்லை, மாதத்தை எண்ணினாள். இப்போது ஐந்து. றிபாத்துக்கு அது தெரியாது. தெரியாமலே போய்விட்டான் என்பதுதான் இரவில் அவளைப் புரட்டிப் புரட்டிப் போடும்.

அந்தக் கணினியில் திரும்பிப் போகச் சேமிக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு நிலைதான். நவம்பர் ஆறு, மாலை நாலு பத்து.

முன்னறையில் கணினி எழும்பியிருந்தது. வீதிப்பக்க ஜன்னலுக்கு முஸ்பிறா கட்டிவிட்ட கனத்த துணியால் அறை பகலிலும் மங்கிக் கிடந்தது. திரையின் வெளிச்சம் மட்டும் தரையில் சதுரமாய் விழுந்தது. காலையிலிருந்து மூன்று முறை விழுத்தியதில், பழைய நிலைக்குத் திரும்பும் மீட்பு பதினொரு சதவீதத்தில் நின்றிருந்தது. இருபத்திரண்டாம் செய்தியைப் பார்க்க வேண்டும். அவள் 'தொடர்க' என்பதை அமுக்கினாள். பதினொன்று இருபதாகி, இருபது முப்பதாகி, அவள் செய்தியைப் படித்து முடித்துப் பிளக்கை இழுக்கும்போது முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது.

இழுத்த கையோடு மணம் வந்தது. முதலில் சேற்று மணம் என்றுதான் நினைத்தாள், வாய்க்கால் பக்கமிருந்து காற்று வந்தால் அப்படித்தான் இருக்கும். பிறகு அதற்குள் றிபாத் தலைக்கு வைக்கிற கிறீமின் மணம் இருந்தது, அவன் குளித்துவிட்டுக் கடந்து போனால் அறையில் கொஞ்ச நேரம் தங்கி நிற்குமே, அந்த அளவுக்கு, அந்த உயரத்தில். கதவடியில் இரண்டு செருப்புகள் கிடந்தன, ஒன்று நேராக, மற்றது கவிழ்ந்து, அவன் எப்போதும் கழற்றி எறிகிற விதத்தில். வார்களில் ஈரம்.

ராத்தா கொண்டு வந்து போட்டிருப்பாளோ. ராத்தா ஏன் போடுகிறாள்.

புதிய செய்தியை எழுதிவிடலாம், வேலையில் மனதைக் கொடுத்தால் சரியாகும் என்று குறிப்புக் கொப்பியை எடுக்கப் போனவளின் கையில் கிளினிக் கொப்பி அகப்பட்டது. சும்மா விரித்தாள். நிறை, பிரஷர், குழந்தையின் இதயத் துடிப்பு என்று தாதி மிஸ்ஸி நீல மையால் எழுதிய பக்கங்கள் வெறுமையாய் இருந்தன. அழித்த தடமில்லை. அச்சுக்கோடுகள் மட்டும். பேனை படாத புதுத்தாள். அடுத்த பக்கமும். அதற்கடுத்ததும். மட்டையில் அவள் பெயர் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெயரின் கடைசி எழுத்து, கடுதாசி தண்ணீரைக் குடிப்பதுபோல, உள்ளே இறங்கிப் போனது.

அவள் கொப்பியை மூடினாள்.

பதினெட்டாம் செய்திக்குக் காலையில் அவள் எழுதி வைத்திருந்த திருத்தம் குறிப்புக் கொப்பியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பழையது, புதியதன் இடத்தில்தான் எழுதப்படும்.

பிளக் வயரைச் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளினாள். இனி இதைத் தொடுவதில்லை. விதுசாவிடம் வேறு மெஷின் கேட்கலாம், இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்று சொல்லலாம். பின்னேர அசருக்குப் பாங்கு சொன்னது. கைகால் முகம் கழுவி வுழூ எடுத்து, உள்ளறையில் பாயை விரித்துத் தொழ நின்றாள். ஓதுகிற வாய் ஓதிக்கொண்டிருக்க, மனம் முழுக்க வயிற்றுக்குள் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் றக்அத்தில் அசைவில்லை. இரண்டாவதில் இல்லை. தூங்குகிறது. பிள்ளைகள் தூங்கும். மூன்றாவதில் நெற்றியை நிலத்தில் வைத்தபோது, நிலத்துக்கூடாக ஒரு சத்தம் வந்தது.

கணினியின் காற்றாடி.

அத்தோடு ஸலாம் கொடுத்துத் தொழுகையை முறித்து, எழும்பி ஓடி வந்தாள். திரை எரிந்துகொண்டிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் முஸ்பிறா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீயா ராத்தா பிளக்கக் குத்தின?"

"ஓம். வயரச் சுத்தி வச்சிரிக்காய். 'தொடர்க' எண்டு கேட்டிச்சு, அமுக்கினன். கல்யாண வீடியோ அரவாசியில கிடக்கு எண்டு றிபாத் தம்பி செல்லிட்டுத்தானே போனார். வந்து ஏசப்போறார் உனக்கு."

சிபானா திரையையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"றிபாத் மவுத்தாகி மூணு மாசத்துக்கு மேல ராத்தா."

முஸ்பிறா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அஊது பில்லாஹ். என்ன கதை இது, வயலுக்குப் போன மனிசனப் பத்தி." அவள் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு நீ வெள்ளை உடுத்திரிக்காய்?"

"புள்ள. வயித்துல புள்ள இரிக்கு ராத்தா. நீதானே கஞ்சி கொண்டு வந்த. இப்ப, லுஹருக்குப் பொறகு."

"என்ன கஞ்சி?"

சிபானா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். ராத்தாவின் உள்ளங்கை அங்கே தட்டையாய்ப் படிந்தது. மேடு இல்லை. கை அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் முஸ்பிறாவின் கண் நிறைந்தது. கோபமில்லை அதில், இரக்கம்தான் இருந்தது. அந்த இரக்கத்தை ஒன்பது வருடமாய் இந்த ஊரில் எத்தனை முகத்தில் சிபானா கண்டிருப்பாள்.

"அல்லாஹ் தருவான் சிபானா. இவ்வளவு காலம் பொறுத்த நீ. இப்பிடி நினைச்சு நினைச்சு உடம்பக் கெடுத்துக்காத. சோத்த வைக்கிறன், தம்பி பசியோட வருவார்."

சமையலறையில் சட்டி இறங்கும் சத்தம். கரண்டிச் சத்தம்.

திரையில் அறுபத்து நாலு. அதற்குக் கீழே அவள் எழுதிய வரி. ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

பிளக் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. குனிந்தாள். விரல் பட்டது.

அப்போது வீதியில் மோட்டார் சைக்கிள் கேட்டது.

ஊரில் மோட்டார் சைக்கிளுக்குக் குறைவில்லை. மருதமுனைக்குப் போகிறதும் வருகிறதுமாய் நாள் முழுக்க ஓடும். ஆனால் இது மூலைக்கடையில் வேகம் குறைந்தது. இரண்டு தரம் இருமியது. தண்ணீர் புகுந்த இஞ்சின் இருமுகிற இருமல். படலைக்கு வெளியே நின்றது. ஸ்டாண்ட் இறங்கியது.

அறுபத்தொன்பது.

இழு.

அவள் இழுக்கவில்லை. ஒரு தரம். முகத்தை ஒரு தரம் கண்டுவிட்டு. அவளுக்குக் காட்டாத முகம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அவனுடைய குரல்தான். கொஞ்சம் களைத்த குரல். படலைக்கு வெளியிலிருந்து.

மூன்று முறை ஸலாம் சொல்லி உள்ளேயிருந்து பதில் வராவிட்டால் வந்தவர் திரும்பிப் போய்விட வேண்டும். ஓதப் போகிற பிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு. றிபாத் ஒரு நாளும் அதை மீறியதில்லை. சிபானா உதடுகளைப் பல்லுக்குள் மடித்துக் கடித்தாள்.

எழுபத்தாறு.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

முற்றத்து மணலில் இப்போது. வெறுங்காலில் தண்ணீர் மிதிபடும் சத்தம். ஒரு அடி. ஒரு அடி. துணி கட்டிய ஜன்னலில் நிழல் விழுந்தது. உயரமாய், தோள்களோடு. துணியின் கீழ்க்கரை நனைந்து கறுத்தது.

வயிற்றுக்குள் ஒரு அசைவு. மெல்லியது. வெகு தூரத்தில், ஆழமான தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ ஒரு விரலால் தட்டுவதுபோல.

இருக்கிறது. இன்னும் இருக்கிறது.

எண்பத்து மூன்று.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கதவுக்கு அந்தப் பக்கம். மூன்றாவது.

அவள் மூச்சை நிறுத்தினாள். கதவின் மறுபுறத்திலும் மூச்சுச் சத்தம் இல்லை. எதுவும் இல்லை. வாசற்படியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது. சொட்டியது. பிறகு மணல் நெறுநெறுத்தது. திரும்புகிறான். ஒரு அடி அப்பால். இன்னொரு அடி.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள் முஸ்பிறா, சமையலறையிலிருந்து, கரண்டியை நிறுத்தாமல். "வாங்க தம்பி. கதவு சும்மா சாத்தித்தான் கிடக்கு."

சிபானா பிளக்கை இழுத்தாள்.

திரை கறுத்தது. காற்றாடி நின்றது. சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு பாதிச் சுற்றில் நின்றுபோனது. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அவள் வயரைக் கையில் பிடித்தபடி தரையில் குந்திக் கிடந்தாள். நிறுத்தியாயிற்று. நேரத்துக்கு நிறுத்தியாயிற்று.

கதவு திறந்தது.

முதலில் முகத்தைத்தான் பார்த்தாள். முழுமையாய் வந்திருந்தது. தாடையில் மச்சம், நெற்றியில் ஒட்டிய முடி, களைப்பு, வீட்டைக் கண்ட ஆறுதல். எல்லாம் றிபாத். மூன்று மாதமாய் அவள் கேட்டழுத முகம்.

"தண்ணி கூடிப்போச்சு சிபானா," என்றான். "அதான் சுணங்கிட்டு."

அவள் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது. அங்கே தோல் இறுகி, தட்டையாய், குளிர்ந்து கிடந்தது. அழுத்தினாள். திருப்பி எதுவும் அழுத்தவில்லை. வந்தது வந்ததுதான், போனது போனதுதான், நடுவில் இழுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அவனுடைய ஈரச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெஞ்சுக்குக் கீழே, மூன்றாவது பொத்தானுக்கும் நாலாவதுக்கும் நடுவில், வயிறு இலேசாய் மேடிட்டிருந்தது. அந்த மேட்டில் உள்ளிருந்து ஏதோ முட்டியது. சின்ன ஒரு குதிகாலின் அளவு. அது துணிக்கடியில் மெல்ல வழுக்கி இடப்பக்கம் போய் நின்றது. மறுபடி உதைத்தது.

அவனும் குனிந்து பார்த்தான்.